கே.வி.எம். எக்ஸ்டெண்டர்: நேர் கேபிளா, நெட்வொர்க்கா, ஃபைபரா?

எடிட்டிங் அறையில் கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் பெரிய தொல்லை. பெட்டியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு மானிட்டர், கீபோர்டு, மவுஸை மட்டும் மேசையில் வைத்துக்கொள்வதே நல்லது. ஆனால் சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளின் எல்லை 5 மீட்டர். 4கே படத்துக்கு சாதா எச்டிஎம்ஐ கேபிளை நம்பக்கூடிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் கே.வி.எம். (கீபோர்டு, வீடியோ, மவுஸ்) எக்ஸ்டெண்டர் வேண்டும்: கம்ப்யூட்டர் பக்கம் டிரான்ஸ்மிட்டர், மேசைப் பக்கம் ரிசீவர்.

ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை, ஒரே கட்டடம் என்றால் என் ஓட்டு நேர் கேபிளுக்குத்தான். எச்டிபேஸ்டி வகைப் பெட்டிகள் ஒரே கேட் 6ஏ நெட்வொர்க் கேபிளில் படத்தையும் யுஎஸ்பியையும் 100 மீட்டர் வரை கொண்டுபோகும். மவுஸை அசைத்தால் கர்சர் உடனே அசைகிறது. நாள் முழுக்க வேலை செய்பவருக்கு இதைவிட முக்கியமானது எதுவுமில்லை. ஆனால் நெட்வொர்க் போர்ட் போலவே இருக்கும் அந்த ஆர்ஜே45 போர்ட்டைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே ஓடுவது ஈதர்நெட் அல்ல. நடுவில் நெட்வொர்க் சுவிட்ச் வைத்தால் படம் வராது.

இன்னொன்று, அட்டைப்பெட்டியில் ‘4கே 60’ என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பழைய தலைமுறைப் பெட்டிகள் அதை 4:2:0 ஆக, அதாவது நிற விவரத்தைக் கால் பங்காகக் குறைத்தே அனுப்பும். படம் பார்க்க அது போதும். டைம்லைனில் உள்ள சின்னச் சிவப்பு எழுத்தோ கலங்கித் தெரியும். நிற விவரத்தைக் குறைக்காத 4:4:4 என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நெட்வொர்க் வழிப் பெட்டிகளின் பலம் வேறு. பல கம்ப்யூட்டர்களைப் பல மேசைகளிலிருந்து மாற்றி மாற்றி இயக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு அதுதான் சரி. ஆனால் 1080பி படத்தை நொடிக்கு 60 ஃபிரேம் வீதம் சுருக்காமல் அனுப்பவே சுமார் 3 ஜிகாபிட் வேண்டும். 1 ஜிகாபிட் லைனில் சுருக்கித்தான் அனுப்ப முடியும். சுருக்கும் முறையைப் பொறுத்துக் கொஞ்சம் தாமதமும் சேரும். ஒரே படத்தைப் பல ரிசீவர்களுக்கு மல்டிகாஸ்ட்டில் அனுப்பினால், சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (படத்தைக் கேட்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) இயங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படம் எல்லா போர்ட்டிலும் பாய்ந்து, மற்றவர்களின் நெட்டும் திணறும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே என்றால் யோசிக்காமல் ஃபைபர். மின்சாரத் தொடர்பே இல்லாததால் இடியின் மின்னெழுச்சி அந்த இழை வழியே கருவிக்கு வராது. சிங்கிள்மோடு வகை ஃபைபரில் கிலோமீட்டர் கணக்கில் போகலாம். விலைதான் கூடுதல்.

அப்புறம், எதை வாங்கினாலும் இயக்கும்போது வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இரண்டுதான். திரை கருப்பாகவே இருந்தால் மானிட்டரின் இடிஐடி தகவல் (எந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்று மானிட்டர் சொல்வது) கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லையா என்று முதலில் பாருங்கள். மானிட்டர், ரிசீவர், டிரான்ஸ்மிட்டர், கடைசியில் கம்ப்யூட்டர் என்ற வரிசையில் ஆன் செய்து பாருங்கள். இடிஐடியைப் பதிந்துவைக்கும் பட்டன் இருந்தால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். மவுஸ் வேலை செய்து பென்டிரைவ் மட்டும் தெரியாவிட்டால், அந்த போர்ட் கீபோர்டு, மவுஸுக்கு மட்டுமானதாக இருக்கலாம். மேசையிலேயே ஹார்ட் டிஸ்க் செருக வேண்டியவர்கள் முழு யுஎஸ்பி 2.0 தரும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.