புகையிலையை விட யார் துணை: வீடா, குழுவா, கைபேசியா?

புகையிலையை விட்ட முதல் இரண்டு மூன்று நாள்தான் உடம்பு ரொம்பப் படுத்தும். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை யாரைப் பிடித்துக்கொள்வது?

வீட்டு ஆட்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை; சிக்கலே அங்கேதான். சட்டையை முகர்ந்து பார்ப்பது, வெளியே போய் வந்தால் "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பது என, இரண்டே நாளில் துணை காவலாகிவிடும். தப்பித்தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் முதலில் மறைக்கத் தோன்றுவதும் அவர்களிடம்தான். துணைவரின் ஆதரவைக் கூட்டிப் பார்த்த ஆய்வுகளிலும் நீண்டகாலப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் அவரும் சேர்ந்து புகையிலையை விட்டால் கதையே வேறு. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊரில் பல்லாண்டுகளாக நடக்கும் இதயநல ஆய்வில் இருந்தவர்களின் உறவு வலையை அலசி 2008இல் வெளியான கட்டுரைப்படி, கணவனோ மனைவியோ புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்திருந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம்.

புகையிலையை விட முயல்பவர்கள் சேர்ந்து கூடும் குழுவில் அக்கறையை விட அனுபவம் அதிகம். "நேற்று ஒன்று பிடித்துவிட்டேன்" என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, "எந்த நேரம்? கூட யார் இருந்தாங்க?" என்றுதான் கேட்பார்கள். அடுத்த முறை எங்கே உஷாராக இருப்பது என்பது அந்தப் பதிலில் கிடைத்துவிடும். சில குழுக்களில் ஒரு சிறு கருவிக்குள் ஊதச் சொல்வார்கள். மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடு எண்ணாகத் தெரியும். விட்ட ஒன்றிரண்டு நாளில் அது சரசரவென இறங்குவதைப் பார்ப்பதே தனி உற்சாகம். (மெல்லும் புகையிலைக்காரர்களுக்கு இந்தக் கருவியால் பயனில்லை.) தானே படித்துத் தெரிந்துகொண்டு புகையிலையை விட முயல்வதை விடக் குழு மேல் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே அளவு நேரம் கொடுத்துத் தனியாக ஆலோசனை பெறுவதை விட மேல் என்று சொல்ல முடியவில்லை. எனவே நாலு பேர் முன் பேசக் கூச்சப்படுபவர் ஆலோசகரிடம் தனியாகப் போவதில் நஷ்டமில்லை.

குழு கூடுவது வாரம் ஒருமுறை. தவிப்பு வருவதோ நினைத்த நேரத்தில். வந்தால் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த இடைவெளிக்குக் கைபேசி சரி. ஆலோசகரே திரும்பத் திரும்ப அழைக்கும் தொலைபேசி சேவையும், விடுபவர்களுக்கென்றே வரும் குறுஞ்செய்திகளும் பலன் தந்திருக்கின்றன. வாட்ஸ்அப் குழுக்கள்? முதல் வாரம் சூடாக இருக்கும், அப்புறம் காலை வணக்கப் படங்கள்தான்.

என் தேர்வு: முதல் நான்கு வாரம் நேரில் கூடும் குழு, பையில் அதே குழுவிலுள்ள ஒருவரின் எண். வீட்டாரிடம், தினமும் விசாரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் குழு இல்லையென்றால் தொலைபேசி சேவை. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை போன்றவற்றை இவை எதனோடும் சேர்த்து எடுக்கலாம்; அளவை மட்டும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.