ஏதென்ஸில் கையைக் கடிக்காமல் சாப்பிட: சுவ்லாக்கிக் கடையா, தவெர்னாவா, மாயிரியோவா?

சுவ்லாக்கிக் கடை என்றால் சுட்ட இறைச்சியை ரொட்டியில் சுருட்டித் தரும் கடை, தவெர்னா என்றால் உட்கார்ந்து சாப்பிடும் எளிய உணவகம், மாயிரியோ என்றால் சமைத்து வைத்த வீட்டுச் சாப்பாட்டுக் கடை. மூன்றுமே ஏதென்ஸ்காரர்கள் தாங்களே போய்ச் சாப்பிடும் இடங்கள். எந்த நேரத்தில், எத்தனை பேராகப் போகிறோம் என்பதை வைத்துத்தான் எது லாபம் என்று சொல்ல முடியும்.

அவசரப் பசிக்கு சுவ்லாக்கிக் கடை. மொனாஸ்திராக்கி சதுக்கத்தை ஒட்டிய மித்ரோபொலியோஸ் தெருவில் பெயர்பெற்ற கடைகள் இருக்கின்றன. செங்குத்துக் கம்பியில் சுழன்று வெந்த இறைச்சியைச் சீவி, தக்காளி, வெங்காயம், ஸாட்ஸிகி என்ற தயிர்-வெள்ளரித் துவையல், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவலோடு சூடான பிதா ரொட்டியில் சுருட்டித் தருவார்கள். ஒன்று சுமார் நான்கைந்து யூரோ. இப்படிச் சீவித் தரும் இறைச்சிக்கு யீரோ என்று பெயர். யீரோ என்றாலே அங்கே பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். வேண்டாதவர்கள் கோழி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் விலை கூடும் கடைகளும் உண்டு.

தவெர்னாவுக்கு நாலு பேராகப் போக வேண்டும். தட்டுகள் பெரியவை, நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். இரண்டே பேர் ஆசைப்பட்டு நாலைந்து வாங்கினால் பில் ஏறிவிடும், உணவும் மிஞ்சும். கிராமத்து சாலட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ், மேலே முழுத் துண்டாக ஃபெட்டா பாலாடைக்கட்டி. கீரை இலை எதுவும் கிடையாது. கடைசியில் தட்டின் அடியில் தக்காளிச் சாறும் ஆலிவ் எண்ணெயும் கலந்து நிற்கும். அதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடும் ருசிக்காகவே நான் அந்த சாலட்டை வாங்குவேன். ரொட்டிக்குத் தலைக்கு ஒரு சிறு தொகை பில்லில் சேரும். கடையின் சொந்த ஒயின் கிலோ கணக்கில் குடுவையில் வரும், அரைக் கிலோவும் கேட்கலாம். இரவு ஒன்பதுக்கு மேல்தான் உள்ளூர்க் கூட்டம் வரும்.

என் ஓட்டு மாயிரியோவுக்கு. காலையிலேயே சமைத்து, பெரிய பெரிய ட்ரேக்களில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். மெனு புரியாவிட்டாலும் விரலைக் காட்டினால் போதும். தக்காளியிலும் ஆலிவ் எண்ணெயிலும் குழைய வெந்த பீன்ஸ், அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை மொச்சை, அரிசி அடைத்த தக்காளியும் குடைமிளகாயும், பருப்பு சூப் என்று சைவக்காரர்கள் திண்டாட வேண்டிய அவசியமே இல்லை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபை விரத நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விலக்குகிறது. பல நூற்றாண்டாக வீடுகளில் வளர்ந்த அந்த விரதச் சமையல்தான் இன்று இந்த ட்ரேக்களில் இருக்கிறது. அடைத்த தக்காளியில் சில இடங்களில் கொத்துக்கறி கலப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயில் வெந்த காய்கறி வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆறிவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள், எண்ணெய் ஊறி ருசி கூடுவதே அந்தச் சூட்டில்தான்.

மாயிரியோவை அத்தினாஸ் தெருவில் உள்ள வார்வாகியோஸ் சந்தைப் பக்கம் தேடுங்கள். இது மதியச் சாப்பாட்டுக்கான இடம். இரண்டு மணிக்குள் போய்விட்டால் நல்லது, பிறகு நல்ல ட்ரேக்கள் காலியாகிக்கொண்டே வரும்.