டிபி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதினால், ஈரல் டெஸ்ட் பார்த்தார்களா என்று கேளுங்கள்

வீட்டில் யாராவது டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள். தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் என் பெரியப்பா, அரசாங்கம் இலவசமாகத் தரும் காசநோய் மாத்திரையை ஆரம்பித்த இரண்டாவது மாதம், சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்று நோட்டீஸ் கொடுத்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார். கொலஸ்ட்ரால் அதிகம் என்று அடோர்வாஸ்டாடின் 40 எழுதி, கல்லீரல் டானிக் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரே டிபி மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டியும் "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றுதான் பதில். அவர்கள் கொடுத்த ரிப்போர்ட்டிலேயே எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்) கூடுதல் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. காசு வாங்கி எடுத்த டெஸ்ட்டை அவர்களே படிக்கவில்லை!

காசநோய்க்கு முதல் 2 மாதம் தரும் நான்கு மருந்தில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. அடோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையும் சிலருக்கு ஈரல் என்சைமைக் கூட்டும். அதோடு, ரிஃபாம்பிசினைத் தொடர்ந்து சாப்பிட்டால் அடோர்வாஸ்டாடினின் வேலை குறைந்துவிடும், அது தெரியாதவர்கள் கொலஸ்ட்ரால் இறங்கவில்லையே என்று டோஸை ஏற்றுவார்கள். மாரடைப்பு வந்த டிபி நோயாளிகளுக்கு இரண்டு மருந்தும் தேவைப்படலாம், ஆனால் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் தர வேண்டும்.

அப்புறம் பெரியப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, மீன் குழம்பு வாசனைக்கே குமட்டல், சிறுநீர் கட்டங்காப்பி நிறம். கிளினிக்கில் கேட்டால் டிபி மாத்திரைக்குச் சிவப்பாகத்தான் போகும் என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்குவது உண்மைதான், அதனாலேயே மஞ்சள் காமாலை கண்ணுக்குத் தப்பிவிடும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள், பசியின்மையும் வாந்தியும் சேர்ந்தால் அன்றைக்கே டிபி மருந்து தரும் இடத்துக்குப் போங்கள். கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே எல்லா மாத்திரையையும் நிறுத்தி, ஈரல் தேறிய பிறகு டிபி மருந்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள். காமாலை எந்த மாத்திரையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, டிபி மருந்து மட்டுமே கூடச் செய்திருக்கலாம் என்றார் டாக்டர். சரி, நியாயமான பதில். ஆனால் ஏற்கெனவே ஏறியிருந்த ஈரல் அளவைப் பார்க்காமல் இன்னொரு மருந்தை ஏற்றியதையும், காமாலையோடு வந்தவரை கேஸ் என்று திருப்பி அனுப்பியதையும் எப்படிப் பொறுப்பது?

டிபி சிகிச்சை பற்றிக் கேட்க 1800-11-6666, மருந்தின் பக்க விளைவைப் புகாராகப் பதிய 1800-180-3024, இரண்டும் கட்டணமில்லா எண்கள். பில், ரிப்போர்ட், காலி மாத்திரை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது அவற்றைத்தான்.