மோதிரமா, கார்டா, சவுண்ட் பாக்ஸா? மாணவர் போட்டிக்கு எந்தக் கருவியை எடுப்பது

பணம் செலுத்த ஒரு புதுக் கருவியை வடிவமைக்கச் சொல்லும் மாணவர் போட்டிகளில் வரும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது உடம்பில் அணிவது: மோதிரம், கைப்பட்டை மாதிரி. இரண்டாவது, திரையோ விரல் ரேகை சென்சாரோ வைத்த கார்டு. மூன்றாவது, பணம் வாங்குபவரின் மேசையில் இருந்து, பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் மாதிரிப் பெட்டி.

எதை எடுக்கலாம் என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் ஒன்றுதான் திருப்பிக் கேட்பேன். பணம் போச்சா, போகலையா என்று தெரியாமல் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்தப் பத்து விநாடியில் உங்கள் கருவி என்ன செய்யும்? எல்லாம் சரியாக நடக்கும்போது எந்தக் கருவியும் அழகாகத்தான் இருக்கும். அதனால் மூன்றையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

மேடையில் முதலில் கண்ணைப் பறிப்பது மோதிரம். 2016 ரியோ ஒலிம்பிக்கில், தான் ஆதரித்த வீரர்களுக்கு விசா நிறுவனம், கடையின் கார்டு மெஷினில் காட்டினாலே பணம் செலுத்தும் ஒரு மோதிரம் கொடுத்தது. மின்கலம் தேவையில்லை, மெஷினின் காந்தப்புலத்திலிருந்தே சில்லு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆனால் செய்து பார்த்தால்தான் கஷ்டம் புரியும். 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இந்த என்.எஃப்.சி (அருகில் காட்டினாலே பேசிக்கொள்ளும்) தொடர்புக்கு ஒரு கம்பிச் சுருள் வேண்டும். கார்டில் அந்தச் சுருளுக்கு ஓரம் முழுக்க இடம் இருக்கிறது. மோதிரத்தில் ஒரு விரல் அகலம்தான். விரலைச் சுற்றியே சுருளைப் போட்டால், மெஷினை நோக்கி விரலை நேராக நீட்டினால்தான் நன்றாகப் படிக்கும். சுருளை மோதிரத்தின் முகப்பில் தட்டையாக வைத்தால், கதவைத் தட்டுவதுபோல முஷ்டியைக் காட்ட வேண்டும். விரலில் மோதிரம் கொஞ்சம் சுழன்று முகப்பு உள்ளங்கைப் பக்கம் போய்விட்டால் கையையே திருப்ப வேண்டியதுதான். உலோகத்தில் செய்தால் அந்த உலோகமே புலத்தைத் தின்றுவிடும். நடுவில், புலத்தை உலோகத்திடமிருந்து காக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் தகடு வேண்டும்.

இதெல்லாம் முயன்றால் தீரும். தீராத குறை, மோதிரம் ஊமை என்பது. படித்ததா, மறுத்ததா, இரண்டு முறை எடுத்துவிட்டதா என்பதை மெஷினைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் கேள்விக்கு மோதிரத்திடம் பதிலே இல்லை.

அப்படியானால் அணியும் கருவியே வேண்டாமா? வேண்டும், காரணம் இருந்தால். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் விசா கொண்டுவந்தவற்றில் சில்லு வைத்த கையுறையும் ஒன்று. உறைபனியில் கையை வெளியே எடுக்க வேண்டியதில்லை என்பதால் அந்த வடிவத்துக்கு அர்த்தம் இருந்தது. விரல்கள் நடுங்குபவர், பிடி இல்லாதவர், சக்கர நாற்காலியின் வளையத்திலிருந்து கையை எடுக்க முடியாதவர் ஆகியோருக்குப் பையைத் திறந்து கார்டை இழுப்பது பெரிய வேலை. அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து, அவர் கை எப்படிப் போகிறது என்று பார்த்துச் செய்த பட்டை என்றால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 'அழகாக இருக்கும்' என்பது மட்டும் காரணமாகாது.

கார்டுக்கு வருவோம். அகலம் 85.60 மி.மீ., உயரம் 53.98 மி.மீ., தடிமன் 0.76 மி.மீ. என்பது சர்வதேசத் தரம். போட்டிக்கு வரும் பல கார்டுகள் இந்த மூன்றாவது எண்ணில்தான் விழுகின்றன. மின்கலம், திரை, சென்சார் என்று அடுக்கி 3 மி.மீ.க்கு அச்சடித்துக் கொண்டுவந்தால், அது மெஷினின் வாயில் நுழையாது. வளைத்துப் பார்க்கும் சோதனையிலும் தாங்காது.

இந்த வகையில் ஒவ்வொரு குழுவும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை 'காயின்'. பல கார்டுகளின் காந்தப் பட்டைகளை ஒரே கார்டில் அடக்குவதாக 2013-இல் அமெரிக்காவில் அறிவித்து முன்பதிவு வாங்கினார்கள். யோசனை ஜனங்களுக்குப் பிடித்தது. ஆனால் 2015 அக்டோபரில், சில்லு கார்டைப் படிக்காத மெஷினில் மோசடி நடந்தால் நஷ்டம் கடைக்காரர் பக்கம் சாயும் என்ற விதி அங்கே வந்தது. கடைகள் சில்லு மெஷினுக்கு நகர்ந்தன. 2016-இல் உடற்பயிற்சிப் பட்டை செய்யும் ஃபிட்பிட் நிறுவனம் அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது. கார்டு விற்பனை நின்றது. கார்டு எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், எதிரே இருக்கும் மெஷின் எதைப் படிக்கும் என்பதுதான் அதன் தலையெழுத்து.

ரேகை சென்சார் கார்டும் அடிக்கடி வரும். மெஷினிலிருந்தே மின்சாரம் எடுத்து ரேகையைச் சரிபார்க்கலாம், அது நடக்கக்கூடியதுதான். முதல்முறை ரேகையை எங்கே, எப்படிப் பதிவது என்பதை மட்டும் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்த கார்டு எதையும் கூட்டாமல் குறைத்தது. 2021-இல் மாஸ்டர்கார்டு அறிவித்த 'டச் கார்டு'. ஓரத்தில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். கிரெடிட் என்றால் சதுர வாக்கில், டெபிட் என்றால் வட்டமாக, முன்பே பணம் நிரப்பிய ப்ரீபெய்ட் கார்டு என்றால் முக்கோணமாக. பார்வையற்றவர் விரலால் தடவியே எந்தக் கார்டு, எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கிறார். மின்கலமும் இல்லை, தடிமனும் கூடவில்லை. மாணவர்கள் எட்டக்கூடிய யோசனை இந்த அளவில்தான் இருக்கிறது.

இனி பெட்டி. என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய கியூஆர் கோடு, காகிதத்தில் அச்சடித்து ஒட்டினாலே வேலை செய்யும். ஆனால் ஒட்டிய தாளுக்குப் பணம் வந்தது தெரியாது. கொடுத்தவர் தன் போன் திரையைக் காட்டுவார். வாங்குபவர் அதை நம்ப வேண்டும். அது போன வாரத்து ஸ்கிரீன்ஷாட்டாகக்கூட இருக்கலாம். கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை சாதாரண போன்களிலேயே ஓடியது. அதில் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் தனித்தனியே குறுஞ்செய்தி வந்துவிடும். பெற்றவர் தன் கையிலேயே சாட்சியை வைத்திருந்தார். சவுண்ட் பாக்ஸ் அதே சாட்சியைக் குரலாக்குகிறது, கை வேலையை நிறுத்தாமலே கேட்கலாம்.

இங்கே வடிவமைக்க எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தமிழ் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆயிரம்', 'இருநூறு', 'ஐம்பது' என்று துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டினால் கேட்கச் சகிக்காது. 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது' என்று வர வேண்டும். அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் முடியும் வடிவம் ஒன்று, தொடரும் வடிவம் ஒன்று. அப்புறம் இதைக் கவனியுங்கள்: இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு, எண்ணூறு, எல்லாம் 'நூறு' என்றே முடிகின்றன. தொண்ணூறும் காதுக்கு அப்படித்தான். வித்தியாசம் முழுக்க முதல் அசையில் இருக்கிறது. மலிவான ஒலிபெருக்கிச் சுற்றுகள் தூக்கத்திலிருந்து விழிக்க ஒரு கணம் எடுக்கும், அந்தக் கணத்தில் விழுங்கப்படுவதும் முதல் அசைதான். இரைச்சலில் மிஞ்சுவது 'நூறு' மட்டும். முன்னால் ஒரு சிறு மணியோசை வைத்தால் அந்த அசை தப்பிக்கும். இதை ஒரு மாணவர் தானாகக் கண்டுபிடித்துச் சொன்னால், அவர் பெட்டியை உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்திருக்கிறார் என்று நடுவருக்குத் தெரிந்துவிடும்.

குரலுக்குக் குறையும் உண்டு. தொகை எல்லோர் காதிலும் விழும். காது கேளாத கடைக்காரருக்கு அது பயன்படாது. வெளிச்சமோ அதிர்வோ வேண்டும். போட்டிக்கு இவையே நல்ல தலைப்புகள்.

இப்போது என் பத்து விநாடிக் கேள்வி. பெட்டிக்கு மூன்று நிலை வேண்டும்: வந்தது, வரவில்லை, இன்னும் தெரியவில்லை. மூன்றாவதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். கொடுத்தவர் கணக்கில் கழிந்து, பெற்றவரிடம் வந்து சேராத இடைவெளி அது. அப்போது பெட்டி மௌனமாக இருந்தால் மறுபடி கட்டச் சொல்வார்கள். ஒரே தொகையைக் கட்டும் எல்லா முயற்சிகளுக்கும் அதே பரிவர்த்தனை எண் இருந்தால், இரண்டாவது தடவை தட்டினாலும் பணம் ஒரு முறைதான் போகும்.

'எங்கள் கருவி நெட் இல்லாமலே ஓடும்' என்று சொல்லும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. ஹாங்காங்கில் பயணத்துக்கும் கடைக்கும் பயன்படும் ஆக்டோபஸ் கார்டு 1997 முதல் 0.3 விநாடியில் அதைச் செய்கிறது. பணத்தின் அளவு கார்டின் பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே இருப்பதால் அது முடிகிறது. அப்படிப்பட்ட சில்லு இல்லாமல் எண்ணை வெறும் கோப்பில் வைத்தால், நகலெடுத்து இரண்டு முறை செலவு செய்துவிடலாம். நடுவரின் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

போட்டியின் கால அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். 36 மணி நேர ஹேக்கத்தான் என்றால் பெட்டிதான் சரி. ஈ.எஸ்.பி.32 என்ற வைஃபை உள்ள சிறு மின்னணுப் பலகை, ஒரு சிறு ஒலிபெருக்கி, உங்கள் சொந்த சோதனை சர்வர் போதும், உண்மையிலேயே ஓடும். மோதிரத்தையும் கார்டையும் அந்த நேரத்துக்குள் முடிக்க முடியாது. நிஜமான பணச் சில்லுக்கு இ.எம்.வி. என்ற சில்லு கார்டுகளுக்கான சர்வதேசத் தரமும் சான்றிதழும் வேண்டும். மாணவர்கள் உள்ளே ஒட்டுவது வெறும் அடையாள ஸ்டிக்கர், பி.என்.532 என்ற என்.எஃப்.சி ரீடரில் அது தன் அடையாள எண்ணை மட்டும் சொல்லும். செய்யலாம், தப்பில்லை. ஆனால் 'இது பாவனைதான்' என்று முதல் ஸ்லைடிலேயே எழுதிவிடுங்கள். ஒரு பருவம் முழுக்க நேரம் தரும் போட்டி என்றால், கையுறை மாதிரி காரணம் உள்ள ஓர் அணிகலனுக்கோ, டச் கார்டு மாதிரி எளிய ஒன்றுக்கோ துணியலாம்.

பெட்டியை எடுத்தவர்கள் செயல்விளக்கத்தின்போது பணம் வந்த குரலை ஒரு முறை கேட்க வைத்தால் போதும். அடுத்த பணம் பாதி வழியில் இருக்கும்போது, நடுவர்கள் கண்ணெதிரிலேயே வைஃபையை அணைத்துவிட்டு, பெட்டி என்ன சொல்கிறது என்று அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.