அடித்து வாங்கிய வாக்குமூலம்: டெல்டாக் குடும்பத்துக்கு எந்த வழி எதைத் தரும்?

வயல் நடுவே இருக்கும் பம்புசெட் கொட்டகையில் காப்பர் ஒயர் திருடு போகிறது. ஏற்கெனவே ஒரு கேஸில் பெயர் அடிபட்ட இருபது வயதுப் பையனைச் செவ்வாய்க்கிழமை இரவு வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள். ஆனால் வியாழக்கிழமை மாலை, ஆற்றுப் படுகையில் சந்தேகப்படும்படி நின்றவனைப் பிடித்ததாகக் கைது பதிவாகிறது. அவனே காட்டிய மூங்கில் கொத்திலிருந்து ஒயரைக் கைப்பற்றியதாக மகஜர், அதாவது சாட்சிகள் கையெழுத்திடும் கைப்பற்றல் பத்திரம். வெள்ளிக்கிழமை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவல். இது எந்தத் தனி வழக்கும் அல்ல. கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை கோர்ட் வளாகங்களில் வக்கீல்களிடம் வந்து சேரும் கதைகளின் பொதுவான வடிவம்.

இதற்குப் பிறகு குடும்பம் என்ன செய்யும்? ஒரே மனுவை டைப் அடித்து முதல்வர் தனிப்பிரிவு, கலெக்டர், எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம், தேசிய மனித உரிமை ஆணையம் என்று எல்லோருக்கும் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் கையில் இருக்கும் அதிகாரம் வேறு. பையன் வெளியே வர வேண்டுமா, கேஸ் உடைய வேண்டுமா, இழப்பீடா, அடித்தவருக்குத் தண்டனையா என்று முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பெற்றவர்கள் பெரும்பாலும் சொல்வது, "அவங்கள ஒண்ணும் செய்ய வேணாம் சார், எம் புள்ள மேல இருக்க கேசு போனா போதும்" என்பதுதான். அந்த ஒன்றை மனித உரிமை ஆணையத்தால் தர முடியாது. போலீஸ்காரர் மீது நடவடிக்கை வந்தாலும் திருட்டு வழக்கு தானாகச் சாகாது. திருட்டு வழக்கில் விடுதலை கிடைத்தாலும் அடித்தவர் மீது தானாக எதுவும் வராது. இரண்டும் தனித்தனிப் பாதைகள்.

கேஸை உடைக்கும் பாதையையே முதலில் பார்ப்போம். ஆபத்தான தவறான நம்பிக்கை இருப்பது அங்கேதான். "சட்டவிரோதமாகச் சோதனை போட்டார்கள், அதனால் எடுத்த பொருள் செல்லாது" என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் அப்படியொரு விதி உண்டு. நம் நாட்டில் இல்லை. வழக்குக்குத் தொடர்புடைய சாட்சியம் எப்படிக் கிடைத்தது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்று 1972-ல் மல்கானி வழக்கிலும் 1973-ல் பூரன் மல் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து எடுத்திருந்தாலும் ஒயர் சாட்சியமாகவே நிற்கும். இப்போது சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுத்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு. ஆனால் வீடியோ எடுக்காவிட்டால் கைப்பற்றியது செல்லாது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்க அது நல்ல ஆயுதம், அவ்வளவே.

போதைப்பொருள் வழக்கில் நிலைமை வேறு. ஒருவரின் உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்தக் கைப்பற்றுதலை வைத்து மட்டும் தண்டிக்க முடியாது என்பது 1999-ன் பல்தேவ் சிங் தீர்ப்பு. கையில் இருந்த பைக்கு இது பொருந்தாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலும் செல்லாது என்று 2020-ல் முடிவானது. அது தமிழ்நாட்டிலிருந்து போன தூஃபான் சிங் வழக்கு.

ஒப்புதல் வாக்குமூலம் என்று வந்தால் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் உறுதியாகவே நிற்கிறது. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 23-வது பிரிவுப்படி போலீஸிடம் சொன்ன ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேரும் பகுதி மட்டும் செல்லும். "என்னை அழைத்துச் சென்றால் மூங்கில் கொத்தில் மறைத்து வைத்திருக்கும் ஒயரை எடுத்து ஆஜர்படுத்துகிறேன்" என்ற வரி ஊர் மாறினாலும் மாறாமல் வருவது இதனால்தான். கீழே சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலருடையதும் அவருடைய உதவியாளருடையதும்.

அந்த வரியை உடைக்க இரண்டு வழி. ஒன்று, அந்த இரண்டு சாட்சிகளின் குறுக்கு விசாரணை. படுகைக்குப் போனீர்களா, எந்தக் கரை, எத்தனை மணி, எழுதியது யார், கையெழுத்துப் போட்டது எங்கே? "ஸ்டேஷனில் போட்டேன்" என்று ஒரு பதில் வந்துவிட்டால் மகஜர் ஆட்டம் கண்டுவிடும். இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3). கட்டாயப்படுத்தி வாங்கிய தகவல் என்று நிரூபித்தால் கண்டெடுப்பும் காப்பாற்றாது என்பது 1961-ல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு காட்டிய வழி. ஆனால் கட்டாயப்படுத்தியதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் பிறப்பது விசாரணை நாளில் அல்ல, ரிமாண்ட் நாளில்.

ரிமாண்ட் நாளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வழியில் போனாலும் மூலதனம் அன்றுதான் கிடைக்கிறது. கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயம் இருந்தால் எழுதி, அதன் நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-வது பிரிவு. நடப்பில் போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, "காயம் ஏதும் இல்லை" என்று எழுதி முடிந்துவிடுவது உண்டு. அதனால் மாஜிஸ்திரேட் கேட்கும்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "ஐயா, செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட்டிப் போனாங்க, உள்ளங்கால்ல அடிச்சாங்க." இடத்தையும் நாளையும் சேர்த்துச் சொன்னால் அது பதிவாகும்; அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே கேட்கலாம். "வெளியே வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பயத்தில் பேசாமல் இருந்துவிட்டால் பிறகு எந்த மன்றத்திலும் முதல் கேள்வி "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?" என்பதாகத்தான் இருக்கும். கைதுக்கான காரணத்தைத் தெரிவிக்காவிட்டால் கைதே சட்டவிரோதம் என்று 2025-ல் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் வக்கீல் அன்றே எழுப்ப வேண்டும். பையன் வெளியே வர அது உதவும். வழக்கு அதனால் ரத்தாகாது.

சிசிடிவி இன்னொரு சாட்சி. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைத்துப் பதிவுகளை 18 மாதம் காக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூனில்தான் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் செத்தார்கள். அங்கே விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில், ஹார்டு டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைச் சொன்னார். அதனால் செவ்வாய் இரவிலிருந்து வெள்ளி காலை வரைக்குமான பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்கு அந்த வாரத்திலேயே ஒரு மனு போக வேண்டும். பதிவு கிடைக்காமல் போனாலும், கேட்டும் தரவில்லை என்பதற்குத் தபால் ரசீது இருக்கும்.

இனி போலீஸ் மீதான பாதை. இங்கே உண்மையான போட்டி மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும்தான்.

ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, தமிழில் எழுதினால் போதும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இழப்பீடும் துறை நடவடிக்கையும் பரிந்துரைக்கும், யாரையும் சிறைக்கு அனுப்பாது. வெறும் பரிந்துரைதானே என்று அரசு ஒதுக்கிய காலம் உண்டு. 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொன்ன பிறகு அதற்கு எடை கூடியது. ஆனால் தேசிய ஆணையம் எடுத்துக்கொண்ட விஷயத்தை மாநில ஆணையம் விசாரிக்க முடியாது. இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்புவது நம் காலை நாமே வாரிக்கொள்வது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கொடுக்கும் தனிப் புகார் தண்டனை வரை போகக்கூடியது. ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120-வது பிரிவில் 7 வருடம் வரை, கொடுங்காயமென்றால் 10 வருடம் வரை சிறை. ஆனால் 2024 ஜூலை முதல் வழி குறுகிவிட்டது. அரசு ஊழியர் பணியில் செய்ததாக வரும் புகாரில் மேலதிகாரியின் அறிக்கையைப் பெற்று, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் பார்த்த பிறகே விசாரணைக்கு உத்தரவிடலாம் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(4). அடித்தவரைப் பற்றி அவருடைய மேலதிகாரியிடமே அறிக்கை கேட்பது எளியவர்களுக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் பின்னால் வரும். 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகக் கொள்ளலாம் என்பது புதிய சட்டத்தில் கிடைத்த ஒரே ஆறுதல். இந்தப் பாதைக்கு வருடக்கணக்கில் நிற்கும் வக்கீலும் மிரட்டலுக்கு அசையாத சாட்சியும் வேண்டும்.

உயர் நீதிமன்றம் அவசரத்துக்கு. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் ஆட்கொணர்வு மனுவைவிட வேகமான வழி இல்லை. காவல் மரணத்துக்கு நேரடியாக இழப்பீடு தரலாம் என்பது 1993-ன் நீலபதி பெஹரா வழக்கில் உறுதியானது. ஆனால் அடித்தார்களா இல்லையா என்பதே தகராறாக இருந்தால், கீழ்க் கோர்ட்டில் சாட்சி விசாரித்து வரச்சொல்லி அனுப்பிவிடக்கூடும். டெல்டாக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வரும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை சென்னைக்குப் போக வேண்டும். கும்பகோணத்தில் நடந்தால் மதுரை, பக்கத்து வலங்கைமானில் நடந்தால் சென்னை. எந்த ஸ்டேஷன் என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் வண்டி ஏறினால் ஒரு நாள் வீண்.

காவல் துறைப் புகார் ஆணையம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீதிபதியாக இருந்தவரைத் தலைவராகக் கேட்டது. 2013-ன் தமிழ்நாட்டுச் சட்டம் மாவட்ட அளவில் கலெக்டரைத் தலைவராக்கி எஸ்.பி.யையும் உள்ளே வைத்தது. நான் இதை நம்பி யாரையும் அனுப்ப மாட்டேன்.

பையன் பட்டியல் சாதியைச் சேர்ந்தவனாக இருந்து, அடித்தவர்கள் அந்தச் சமூகத்தவர் அல்லாதவர்களாக இருந்தால், 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் புகாரில் சேர்க்க வேண்டும். அதில் டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும், நிவாரணத் தொகையும் விதிகளில் உண்டு. கூலி வேலைக் குடும்பங்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

மேலே சொன்ன பையனின் அம்மா கேட்டால் என் பதில் இது. ரிமாண்டில் வாய் திறக்கச் சொல்லுங்கள், சிசிடிவி மனுவை அந்த வாரமே போடுங்கள். மாநில ஆணையத்துக்கு மட்டும் ஒரு மனு, தேதி வாரியாக, ஆஸ்பத்திரியில் எழுதும் காயப் பதிவான ஏ.ஆர். காப்பியின் நகலோடு. தனிப் புகாரை ஆணையத்தின் விசாரணை எப்படிப் போகிறது என்று பார்த்து, வக்கீலோடு பேசி முடிவு செய்யலாம். அதே விஷயம் கோர்ட்டில் இருந்தால் ஆணையம் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்பதால் இந்த வரிசை. திருட்டு வழக்குக்கு அனுபவமுள்ள வக்கீலையே வையுங்கள். இருக்கிற காசை அதற்கே செலவழியுங்கள். காசே இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் தர வேண்டும்.