வெட்டி எடுத்ததோ, கொழுவினதோ?

இந்த ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தபோது ரயில் நேரத்துக்கு வந்ததையும் பாங்க் வேலை ஒரே நாளில் முடிந்ததையும் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது ஒரு கிளாஸ் குளுக்கோஸ் தண்ணீரைப் பற்றி.

லண்டனில் இருந்து கூட வந்த மச்சாளுக்கு நான்கு வருடத்துக்கு முன் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் ஒப்பரேஷன் செய்தது. கொஞ்ச நாளாகச் சோறு சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலத்தில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டுகிறது. அங்கே குடும்ப வைத்தியரின் நேரம் கிடைக்க மூன்று கிழமை. இங்கே பின்னேரம் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டித் தனியாரில் நேரம் பதிந்தால், இரவு ஏழு மணிக்கு டொக்டர். அந்த வேகத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் உள்ளே இருந்தது மூன்று நிமிடம். "முந்தி ஏதும் ஒப்பரேஷன்?" என்று கேட்டார். "வயிறு குறைக்கிற ஒப்பரேஷன்" என்று மச்சாள் சொன்னார். துண்டில் 'வயிற்றுச் சத்திரசிகிச்சை' என்று ஒரு வரி விழுந்தது. அதற்குக் கீழே குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு லாப். வெறும் வயிற்றில் முதல் இரத்தம் எடுத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லிலீட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, "அன்ரி, அஞ்சு நிமிசத்துக்குள்ள குடிச்சு முடிச்சிடுங்கோ" என்றது லாப்பில் நின்ற பிள்ளை. சோதனையின் விதியும் அதுதான், பிள்ளையில் பிழையில்லை. பைபாஸ் செய்தவர்கள் தண்ணீரையே ஒரு வாய் ஒரு வாயாகக் குடிப்பவர்கள். மச்சாள் கஷ்டப்பட்டு முடித்தார்.

பதினைந்தாவது நிமிடம் முகம் வெளிறியது. நெஞ்சு படபடப்பு, வயிற்றை முறுக்கி வலி, உடனே கழிவறை. இருபத்தைந்தாவது நிமிடம் வாங்கில் படுத்துவிட்டார். "காலமை சாப்பிடாததால வாற தலைசுத்து" என்று சொல்லி மின்விசிறியைத் திருப்பிவிட்டார்கள். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கை உதறத் தொடங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் 49. லண்டன்காரருக்கு இந்த எண் ஒன்றும் சொல்லாது. அங்கே மில்லிமோல், இங்கே மில்லிகிராம். 18 ஆல் பிரித்தால் 2.7. அதாவது ஆபத்தான அளவு. அதற்கு அவர்கள் எடுத்து நீட்டிய மருந்து என்ன? இன்னொரு கிளாஸ் குளுக்கோஸ்.

நடந்தது இரண்டு வேறு விஷயங்கள். சாதாரண இரைப்பையின் அடியில் பைலோரஸ் என்று ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே போனதை அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு விடும். பைபாஸில் உணவு அந்த வாசல் வழியாகப் போவதே இல்லை. செறிவான சீனித் தண்ணீர் நேரே குடலில் கொட்டுகிறது, குடல் இரத்தத்தில் இருந்து நீரை உறிஞ்சி அதைக் கரைக்கப் பார்க்கிறது, அழுத்தம் விழுந்து நெஞ்சு அடிக்கிறது. இது பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் வரும் முதல் டம்பிங், அதாவது கொட்டுதல். சீனி ஒரேயடியாக உறிஞ்சப்படுவதால் இன்சுலினும் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது. ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்தில் சீனி தரைமட்டமாகிறது. இது பிந்திய டம்பிங், பெரும்பாலும் ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும். மச்சாள் டொக்டரிடம் போய்ச் சொன்ன முறைப்பாடே இதுதான். எந்த வருத்தத்தைக் கண்டுபிடிக்கப் போனாரோ, அதையே ஒரு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

இறங்கிய சீனியை ஏற்ற 15 கிராம் போதும். மட்டமாக மூன்று நான்கு தேக்கரண்டி சீனி போட்ட பிளேன் டீயை மெதுவாகக் குடித்து, கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்து, ஏறியதும் ஒரு அவித்த முட்டையோ சீஸ் துண்டோ சாப்பிட வேண்டும். இன்னொரு 75 கிராம் கொடுத்தால் அதே கூத்து இரண்டாம் தரம் ஆடும். சரியான பரிசோதனை எது என்றால், வீட்டில் குளுக்கோமீற்றர் வைத்து ஒரு கிழமை சாப்பாட்டுக்கு முன்னும், பின் ஒரு மணி, இரண்டு மணியிலும் குத்தி எழுதுவது. பைபாஸ் செய்த கர்ப்பிணிகளுக்கும் இதையேதான் செய்வார்கள். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் ஏவன்சி (HbA1c) பார்க்கலாம், ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தவரில் அது பொய்யாகக் கூடிக் காட்டும், பைபாஸ் செய்த பெண்களில் இரும்பு குறைவது வெகு சாதாரணம்.

கோபத்தோடு வெளியே வந்து, மச்சாளின் முழங்கால் நோவுக்கு ஏதாவது வாங்கலாம் என்று பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்ன மருந்துக்கடைக்குள் போனோம். கண்ணாடி அலுமாரி, காற்றாடி, பழைய கலண்டர். டைக்ளோஃபெனாக் கேட்டதும் அங்கிருந்த வயதான ஐயா உடனே எடுக்கவில்லை. "வேற வருத்தம், ஒப்பரேஷன் ஏதும் இருக்கோ பிள்ளை?" மச்சாள் பழையபடி வயிறு குறைத்த கதையைச் சொன்னார். ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வெட்டி எடுத்ததோ, இல்லாட்டிக் குடலைக் கொண்டுபோய்க் கொழுவினதோ?"

லண்டனில்கூட மருந்துக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் காணவில்லை. டொக்டரும் லாப்பும் கேட்காத கேள்வி அது. எடை குறைக்கும் ஒப்பரேஷன்களின் வித்தியாசம் முழுக்க அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

வெட்டி எடுப்பது ஸ்லீவ். இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஸ்டேப்ளர் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் அறுத்து வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய், 100 முதல் 150 மில்லிலீட்டர் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எறிந்த அந்த மேற்பகுதியில், ஆகவே பசியும் அடங்கும். குடலில் கை வைப்பதில்லை, பைலோரஸ் அதன் இடத்திலேயே இருக்கும். வெட்டியதைத் திரும்பப் பொருத்த முடியாது. இதன் பெரிய தொல்லை நெஞ்செரிவு. குழாய் ஒடுக்கம் என்பதால் உள்ளே அழுத்தம் கூடிப் புளிப்பு மேலே வரும். முன்பு இல்லாதவருக்கும் புதிதாக வரும். முதல் கிழமைகளில் பயப்பட வேண்டியது கசிவுக்கு. அது அதிகம் வருவது தையலின் மேல் முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்துக்குக் கிட்ட. காய்ச்சலோடு நாடித்துடிப்பு 120க்கு மேல் நின்றால், வயிறு நோகாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான். வெளிநாட்டில் மலிவாகச் செய்துவிட்டுப் பத்தாம் நாள் விமானம் ஏறுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கொழுவுவது பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லிலீட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவில் ஒரு சின்னப் பை பிரிப்பார்கள். சிறுகுடலை வெட்டி ஒரு முனையை அந்தப் பையில் இணைத்து, மற்ற முனையைக் கீழே 75 முதல் 150 சென்ரிமீற்றர் தள்ளிச் சேர்ப்பார்கள். பார்த்தால் ஆங்கில எழுத்து வை போல இருக்கும், அதனால்தான் ரூ-ஆன்-வை என்று பெயர். பழைய இரைப்பை வெளியே எடுக்கப்படாமல் உள்ளேயே சும்மா கிடக்கும். தேவைப்பட்டால் திருப்பி இணைக்கலாம் என்பார்கள், லேசான வேலையில்லை. நீரிழிவுக்கும் நெஞ்செரிவுக்கும் இது ஸ்லீவை விட நல்லது. எடையும் கொஞ்சம் கூடவே குறையும்: மொத்த எடையில் ஸ்லீவுக்குக் கால் பங்கு என்றால், இதற்கு முப்பது வீதம் வரை.

ஐயா டைக்ளோஃபெனாக்கைத் தராததற்குக் காரணம் அந்த இணைப்புத் தையல். பையை ஒட்டிய குடலுக்கு அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இல்லை. வோல்டரன் என்ற பெயரிலும் வரும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மருந்துகளும் சிகரெட்டும் அங்கே புண்ணை உண்டாக்கும், புண் ஓட்டையாகும். குத்தினாலும் ஆசனவாயில் வைத்தாலும் அதே ஆபத்துத்தான், மருந்து இரத்தத்தால்தான் போய் வேலை செய்கிறது. எங்கள் சனம் 'ஊசி என்டால் வயித்துக்குப் பிரச்சினையில்லை' என்று நம்புவது பெரிய பிழை. பனடோல் கொடுத்தனுப்பினார். கல்சியம் கேட்டதற்கு, காபனேற்று வேண்டாம், அது கரைய அமிலம் வேண்டும், சித்திரேற்றுத்தான் நல்லது, தன்னிடம் இல்லை, கொழும்பில் இருந்து எடுப்பிக்கலாம் என்றார். இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் இரண்டு மணித்தியால இடைவெளி விட்டு எடுக்கச் சொல்லித் துண்டின் பின்பக்கத்தில் எழுதியும் தந்தார்.

மினி பைபாஸ் என்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. பை நீளமாக இருக்கும், இணைப்பு ஒன்றே ஒன்று, 150 முதல் 200 சென்ரிமீற்றர் குடல் விலக்கப்படும். செய்ய நேரம் குறைவு, ஆனால் பித்தம் மேலே ஏறும் தொல்லை இதற்கென்றே இருக்கிறது. இரைப்பையின் மேல்முனையைச் சுற்றிப் பட்டி கட்டுவது இப்போது அருகிவிட்டது. இருபது வருடத்துக்கு முன் போட்டவர்கள் இன்னும் விடுமுறைக்கு வருகிறார்கள். அவர்களுக்குத் தொடர்ந்து வாந்தி வந்தால் முதல் வேலை பட்டியோடு குழாயால் இணைத்துத் தோலுக்குக் கீழே வைத்த போர்ட்டில் குத்தி உப்புநீரை இழுத்துப் பட்டியைத் தளர்த்துவது. அதற்கு ஹியூபர் ஊசி வேண்டும். சாதாரண ஊசி சிலிக்கனைத் துளைத்துக் கசிய வைக்கும். எந்த ஆஸ்பத்திரியிலும் கைவசம் இருக்கும் என்று நம்பி வராமல், ஒன்றிரண்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம். இரைப்பைக்குள் பலூன் வைப்பது ஒப்பரேஷனே இல்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள். நீலச் சாயம் கலந்த உப்புநீர் நிரப்பிய வகையாக இருந்து சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் அது கசிகிறது என்று அர்த்தம்.

அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியதும் ஒப்பரேஷனுக்கு ஒப்பரேஷன் வேறு. பைபாஸ் செய்தவருக்குச் சாப்பிட்ட பின் விட்டுவிட்டு வந்து போகும் பலத்த வயிற்று நோ இருந்தால், வருடங்கள் கழித்தும், ஒப்பரேஷனால் உண்டான உள் இடைவெளிக்குள் குடல் நுழைந்து இறுகியிருக்கலாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஸ்கானிலும் சிலவேளை தப்பும். காஸ்ட்ரைட்டிஸ் என்று மருந்து தந்து வீட்டுக்கு அனுப்பப் பார்ப்பார்கள், சண்டை பிடித்தாவது சத்திரசிகிச்சை டொக்டரைப் பார்க்கவேண்டும். எந்த வகையானாலும் பல நாள் வாந்தி எடுத்தவருக்குச் சேலைன் ஏற்றும்போது, டெக்ஸ்ரோஸ் என்ற சீனிக் கரைசலுக்கு முன் தயமின் (விற்றமின் பி1) ஊசி போடவேண்டும். உடம்பில் தயமின் தீர்ந்திருக்கும்போது சீனியை ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டுக் கண்பார்வையும் நடையும் தடுமாறும். 'முதல் தயமின்' என்று கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம்.

மனையாவெளி வீட்டு விறாந்தையில் சனம் கேட்டது இதையெல்லாம் இல்லை. "எனக்கும் செய்யலாமோ? எது திறம்?" அவ்வளவுதான். ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டி 27.5இல் இருந்தே யோசிக்கலாம் என்று எடை குறைக்கும் ஒப்பரேஷன் செய்யும் டொக்டர்மாரின் அமெரிக்கச் சங்கமும் உலகச் சங்கமும் 2022இல் சேர்ந்து சொன்னன. 160 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அது 70 கிலோ. விறாந்தையில் இருந்த பாதிப்பேர் அதற்குள் வந்துவிடுவார்கள், அதனால் கணக்கைச் சொல்லவே தயக்கம். நெஞ்செரிவும் கட்டுப்படாத நீரிழிவும் உள்ளவருக்கு பைபாஸ் பக்கம் தராசு சாயும். மூட்டுவாதத்துக்கு நோக்குளிசை இல்லாமல் முடியாதவர், விற்றமினை ஒழுங்காகப் போடமாட்டேன் என்று தன்னை அறிந்தவர் ஸ்லீவை யோசிக்கலாம். விற்றமின் ஸ்லீவுக்கும் ஆயுள் முழுக்கத்தான், தவறவிட்டால் பைபாஸில் அடி பலமாக விழும், வித்தியாசம் அவ்வளவே. இங்கிலாந்தில் இரண்டு வருடம் ஆஸ்பத்திரியே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும், குடும்ப வைத்தியரிடம் மூன்று மாதத்துக்கொரு பி12 ஊசியும் உண்டு. இங்கே அந்தக் கூப்பிடுதல் கிடையாது, நீங்களே கலண்டரில் வட்டம் போடவேண்டும்.

சாப்பாட்டில் ஊர் நினைவு ஒருபக்கம் இழுக்கும். காய்ந்த புட்டும் கட்டிச் சோறும் இறங்காமல் நெஞ்சில் நிற்கும். சொதியில் ஊறவைத்த இடியப்பம் இரண்டு, அவித்த பாரை மீன் ஒரு துண்டு என்றால் போகும். மீனை முதலில், மாவை கடைசியில். நாளுக்கு 60 கிராம் புரதம் குறைந்த பட்சம், சாப்பிடும்போதும் அதற்கு அரை மணி பின்பும் தண்ணீர் கூடாது. வறண்ட கச்சான் காற்றில் நிலாவெளி மணலில் நிற்பவர் ஒரேயடியாகக் குடித்துத் தாகம் தீர்க்க முடியாது என்பதால் காலையில் இருந்தே வாய் வாயாகக் குடிக்கத் தொடங்கவேண்டும். கிண்ணியாத் தயிர் தாராளமாகச் சாப்பிடலாம். மேலே ஊற்றும் இனிப்புப் பாணியில்தான் மச்சாள் அன்றைய லாப்பைத் திரும்பக் கண்டார்.

மூன்றாம் நாள் லாப்பில் இருந்து வட்ஸ்அப்பில் ரிப்போட் வந்தது. முதல் இரத்தம் 88, இரண்டு மணித்தியால இரத்தம் 'எடுக்கப்படவில்லை', குறிப்புப் பகுதியில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை'. காசு முழுதாக எடுத்தார்கள். மச்சாள் அந்த ரிப்போட்டைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி, அதற்கு மேலே தன் கையால் பெரிய எழுத்தில் எழுதினார்: 'ரூ-ஆன்-வை பைபாஸ். குடலைக் கொழுவினது.'