‘பேலன்ஸ்டு கேபிள்’ என்று மோனோ வயரைத் தலையில் கட்டுகிறார்கள்: காசு கொடுக்குமுன் மல்டிமீட்டர் வையுங்கள்

எட்டுக்குப் பத்து அடி அறை. மேசையில் லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்புக்கு வெளியே வைக்கும் சவுண்ட் கார்டு), பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே உள்ளது) ஒரு ஜோடி. காலடியில் யூபிஎஸ், ரவுட்டர், நாலைந்து சார்ஜர். ஸ்பீக்கரைப் போட்டாலே ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம். சென்னையில் இப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு ஒரு கடை போட்ட பில் இது: 5 மீட்டர் ‘பேலன்ஸ்டு’ கேபிள் இரண்டு 2,900 ரூபாய், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரு சாதனங்களின் எர்த் தொடர்பை ஆடியோ வழியில் துண்டிக்கும் டப்பி) 850, ஃபெரைட் கிளிப் (வயர் மேல் மாட்டும் காந்தப்பொருள் வளையம்) நான்கு 400, ஆள் வந்து மாட்டிய கூலி 600. மொத்தம் 4,750. ரீங்காரம் பாதி குறைந்தது, பேஸும் கூடவே போய்விட்டது. வந்தவர் கடைசியில் செய்த வேலை உயிருக்கே ஆபத்தானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கேபிள். பேலன்ஸ்டு கேபிள் என்றால் உள்ளே இரண்டு கம்பி, அவற்றைச் சுற்றி ஷீல்டு இருக்க வேண்டும். டிஆர்எஸ் பிளக்கில் (நுனி, வளையம், உடல் என மூன்று தொடர்புகள் கொண்டது) நுனி ஹாட் (ஒலிக் கம்பி), நடு வளையம் கோல்டு (cold, அதன் எதிர்க் கம்பி), உடல் ஷீல்டு. விற்ற கேபிளில் பிளக் என்னவோ தங்க முலாம் பூசிய டிஆர்எஸ்தான். மூடியைத் திருகிப் பார்த்தால் ஒரே ஒரு கம்பி. வளையத்தையும் உடலையும் சேர்த்து சால்டர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கேபிள் வெளியில் இருந்து வரும் இரைச்சலைக் கழிக்காது. இரண்டு கம்பியிலும் சமமாக ஏறிய இரைச்சலைத்தான் எதிர்முனை கழிக்கும். இங்கே இரண்டாவது கம்பியே இல்லை. பல இன்டர்ஃபேஸ்களில் சத்தமும் 6 டெசிபெல் குறைந்துவிடும்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, கேபிளின் இரு முனைப் பிளக்குகளுக்கும் இடையே நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், உடலுக்கு உடல் தொடுங்கள்: மூன்றிலும் பீப் வர வேண்டும். பிறகு ஒரே பிளக்கில் நுனி–வளையம், வளையம்–உடல், நுனி–உடல் தொடுங்கள்: எதிலும் வரக்கூடாது. வளையம்–உடலில் பீப் வந்தால் கேபிளை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடி கழலுமானால் கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். சிவப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம்; நாலு முறை மடக்கினால் ஒடியும், சால்டரும் சரியாகப் பிடிக்காது. தங்க முலாம் துரு பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். ரீங்காரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐசொலேட்டர் நல்ல பொருள்தான், உள்ளே உள்ள டிரான்ஸ்ஃபார்மர் நல்லதாக இருந்தால். சுண்டைக்காய் அளவு கோர் (உள்ளே உள்ள இரும்புக் கரு) வைத்தால், தாழ்ந்த சுருதி ஒலியில் அதன் காந்தத் திறன் நிறைந்து, மேலே தாங்காது. பேஸ் மெலிந்து கரகரக்கும். இதற்கும் ஒரு சோதனை உண்டு: உள்ளே போகும் பிளக்கின் உடலையும் வெளியே வரும் பிளக்கின் உடலையும் மீட்டரால் தொடுங்கள். பீப் வந்தால் அது ஐசொலேட்டரே இல்லை. ஃபெரைட் கிளிப் மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ இரைச்சலுக்கானது. 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரத்துக்கு நான்கு என்ன, நாற்பது மாட்டினாலும் பயனில்லை.

இப்போது அந்த ஆபத்தான வேலை. வந்தவர் ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டுப் போயிருக்கிறார். ரீங்காரம் குறைந்தது அதனால்தான், கேபிளால் அல்ல. எர்த் இல்லாத ஸ்பீக்கருக்குள் ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டால், மின்சாரம் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக இன்டர்ஃபேஸுக்கும் லேப்டாப்புக்கும் ஹெட்ஃபோன் போட்டிருப்பவருக்கும் வழி தேடும். அந்த மெல்லிய ஷீல்டு எம்சிபியை விழவைக்கும் அளவு கரண்டைத் தாங்கும் என்று நம்பி உட்கார முடியாது. சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் பாலம் போட்டு இணைப்பதும் இதே ரகம். யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்பீக்கரின் ஆடியோ கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் ரீங்காரம் இருந்தால் கோளாறு ஸ்பீக்கருக்குள். நின்றுவிட்டால் கேபிளை மாட்டி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள். இப்போது நின்றால் அது சார்ஜர் வழியாக வந்த எர்த் லூப் (கிரவுண்ட் லூப் என்பதும் இதுதான்). ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது ‘ஸர்ர்’ ஒலி மாறினால் ரெகுலேட்டரில் உள்ள ட்ரையாக் (மின்சாரத்தை வெட்டி வெட்டி வேகத்தைக் குறைக்கும் பாகம்) காரணம். ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் அடங்கும். மவுஸை நகர்த்தும்போது கீச்சிட்டால் யூஎஸ்பி கேபிளின் கிரவுண்ட் கம்பி வழியாக வரும் இரைச்சல்.

அந்த வீட்டில் இருந்தது எர்த் லூப். லேப்டாப் சார்ஜர் யூபிஎஸ்ஸில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவர் சாக்கெட்டில். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் ஆடியோ ஷீல்டு வழியாக ஓடியது. புது எர்த் பின்னோடு பிளக்கை மாற்றி, எல்லாவற்றையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியதும் பெரும்பகுதி அடங்கிவிட்டது. 6 ஆம்பியர் பாக்ஸ் 1,380 வாட் வரை தாங்கும். மேசைச் சாமான்களுக்கு அது தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

மீதி, கேபிளை ஓட்டும் விதத்தில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு 1.5 மீட்டர் போதும் என்றால் 5 மீட்டர் வாங்கி மிச்சத்தைச் சுருட்டி அடாப்டர்கள் மேல் போடக்கூடாது. பவர் வயரும் ஆடியோ கேபிளும் ஒன்றாகக் கட்டிப் போகக்கூடாது: ஓர் அடி இடைவெளி விடுங்கள், குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து பேலன்ஸ்டு உள்ளீட்டுக்குப் போவதாக இருந்தாலும் இரண்டு கம்பி ஷீல்டு வயரையே பயன்படுத்துங்கள். லேப்டாப் முனையில் கோல்டு கம்பியும் ஷீல்டும் பிளக்கின் உடலில் சேரட்டும். எதிர்முனையில் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். இடது வலது இரண்டுக்கும் தனித்தனி வயர்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கேபிளின் மூடியைத் திறந்த நிலையிலும், மீட்டர் வைத்த நிலையிலும், வெட்டிய பின்னையும் படம் எடுத்து பில்லோடு வையுங்கள். பில்லில் ‘பேலன்ஸ்டு’ என்று எழுதச் சொல்லி வாங்கியிருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.